கிளட்ச் உண்மையில் எங்கே தேய்கிறது: வேகமான கியர் மாற்றம் குறித்து ஓர் அனுபவப் பகிர்வு

மேனுவல் கியர் கொண்ட வேகமான காரை ஓட்டுபவர்களுக்குப் பக்கத்து இருக்கையிலிருந்து தவறாமல் வரும் எச்சரிக்கை ஒன்று உண்டு: “இப்படிப் படபடவென்று கியர் போட்டால் கிளட்ச் பிளேட் சீக்கிரம் போய்விடும்.” உறவினர்களும் சக ஊழியர்களும், சில வேளைகளில் மெக்கானிக்குகளும்கூட இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். என்னுடையது 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினும் 6 கியர் மேனுவல் பெட்டியும் கொண்ட, முன்சக்கரங்களால் இயங்கும் கார். வார நாட்களில் அது சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலை நெரிசலில் ஊர்கிறது. பொதுமக்களுக்குப் பந்தயத் தடத்தைத் திறந்துவிடும் நாட்களில் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் முழு வேகத்தில் ஓடுகிறது. இந்த இரண்டு வகை ஓட்டத்தையும் ஒரே கிளட்ச் தாங்கி வருவதைப் பார்த்த பிறகு, அந்த எச்சரிக்கை தவறான இடத்தைச் சுட்டுகிறது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். கிளட்சைத் தின்பது, மேல் கியருக்குப் போகும் ஏறுமுகமான கியர் மாற்றமன்று. வண்டியை நகர்த்தத் தொடங்கும் கணமும் ஏற்றத்தில், மிதியைப் பாதி மட்டும் விட்டு, ஹாஃப் கிளட்ச்சில் நிற்கும் பழக்கமும்தான். அவசரமான கியர் மாற்றம் கெடுப்பது வேறொரு பாகத்தை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

எஞ்சினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே இருக்கும் ஆயில் சீல் கசிந்ததால் என் காரின் கியர் பெட்டியை இறக்க வேண்டியிருந்தது. அதே வாரத்தில், அதே மாடல் காரை வைத்திருக்கும் நண்பர் ஒருவரின் வண்டியும் கிளட்ச் மாற்றுவதற்காக அதே ஒர்க்‌ஷாப்புக்கு வந்திருந்தது. அவர் பந்தயத் தடத்தில் கால் வைத்ததே இல்லை. இரண்டு வண்டிகளும் ஓடிய தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். மேசைமேல் கிடந்த இரண்டு பிளேட்டுகளையும் பார்த்த மெக்கானிக், லைனிங் (பிளேட்டின் உராய்வுப் பட்டை) ரிவெட் தலைவரை தேய்ந்திருந்ததை எடுத்து என்னிடம் நீட்டி, “இதுதான் சார் உங்க ட்ராக் வண்டியோடது, பாருங்க” என்றார். அது நண்பருடையது. அவருடைய ஃப்ளைவீலில் (எஞ்சினோடு சுழலும் கனமான சக்கரம்; கிளட்ச் பிளேட் அழுந்துவது இதில்தான்) நீலம் பாய்ந்த சூட்டுத் திட்டுகள் வட்டமாகத் தெரிந்தன; என்னுடையதில் லைனிங் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. நண்பரின் அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. தினமும் காலையில் அந்தச் சரிவில், கதவு திறக்கும்வரை, பிரேக்கைத் தொடாமல் ஹாஃப் கிளட்ச்சிலேயே அவர் வண்டியை நிறுத்தி வைத்திருப்பார். அதை ஒரு திறமையாகவே அவர் கருதியிருந்தார்.

இரண்டு வண்டிகளை வைத்துப் பொது விதி எழுத முடியாது என்பது உண்மை. ஆனால் இயற்பியல் கணக்கும் இதையே சொல்கிறது. கிளட்ச் தேய்வதற்குக் காரணம் வழுக்கல். பிளேட் ஒரு வேகத்திலும் ஃப்ளைவீல் இன்னொரு வேகத்திலும் சுழலும்போது, இடையிலுள்ள வேக வேறுபாடும் கடத்தப்படும் முறுக்குவிசையும் சேர்ந்து வெப்பமாகின்றன. இரண்டும் ஒரே வேகத்தில் பூட்டிக்கொண்ட பிறகு, எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் கிளட்ச் தேயாது. ஆகவே எந்தச் செயலில் எவ்வளவு வெப்பம் உண்டாகிறது என்று பார்த்தால் போதும்.

1300 கிலோ எடையுள்ள கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் கியரில் 1000 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு 1000 சுழற்சி) மணிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் வேகத்தில் அது செல்கிறது. எஞ்சினை ஒரே சுழற்சி வேகத்தில் வைத்துக்கொண்டு கிளட்ச்சை விட்டு வண்டியைக் கிளப்பினால், கிளட்ச் முழுதாகப் பூட்டும் கணத்தில் காருக்கு எவ்வளவு இயக்க ஆற்றல் கிடைத்திருக்கிறதோ, கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றல் கிளட்ச்சில் வெப்பமாகியிருக்கும். 2000 ஆர்பிஎம்மில் கிளப்பினால் அது சுமார் 13 கிலோஜூல். 4000 ஆர்பிஎம்மில் கிளப்பினால் சுழற்சி இரு மடங்காகிறது. வெப்பமோ நான்கு மடங்காகி 51 கிலோஜூலைத் தொடுகிறது. இப்போது ஏறுமுகமான மாற்றத்தைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, 6000 ஆர்பிஎம்மில் கியர் மாற்றி, எஞ்சினை 4000க்கு இழுத்து இறக்கும் வேலையைக் கிளட்ச்சிடமே முழுதாக விட்டால்கூட, எஞ்சினும் ஃப்ளைவீலும் சேர்ந்த சுழல் நிலைமத்துக்கு உண்டான வெப்பம் மட்டுமே வரும். நம் வகைக் கார்களில் அது சுமார் 3 கிலோஜூல். சிக்னலில் ஒரு முறை ஆவேசமாகக் கிளம்பும் வெப்பத்தில் பதினைந்து வேகமான கியர் மாற்றங்கள் அடங்கிவிடும்.

நண்பரின் சரிவுக்கு வருவோம். பத்து விழுக்காடு ஏற்றத்தில் அதே காரைக் கிளட்ச்சால் மட்டும் பிடித்து நிறுத்த, எஞ்சின் பக்கத்தில் சுமார் 27 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தேவை. எஞ்சின் 1200 ஆர்பிஎம்மில் சுழல, பிளேட் அசையாமல் நிற்கிறது. அதாவது விநாடிக்கு 3.4 கிலோஜூல் வெப்பம். ஏற்றத்தில் ஹாஃப் கிளட்ச்சில் நிற்கும் ஒவ்வொரு விநாடியும், எஞ்சின் சுழற்சியின் மேல் வரம்பான சிவப்புக் கோட்டருகே செய்யும் ஒரு கியர் மாற்றத்துக்குச் சமம். கதவு திறக்க இருபது விநாடி ஆகும் குடியிருப்பில் இருப்பவர், பந்தயத் தடத்தில் பல சுற்றுகள் ஓடியவனை வீட்டு வாசலிலேயே முந்திவிடுகிறார். போதாக்குறைக்கு, கிளட்ச் மூடிய உறைக்குள் இருக்கிறது. பிரேக் டிஸ்க்குக்குக் கிடைக்கும் காற்றோட்டம் அதற்குக் கிடையாது. உண்டான சூடு ஃப்ளைவீலிலும், கிளட்ச் பிளேட்டை அதன்மேல் அழுத்தும் பிரஷர் பிளேட்டிலும் தங்கி, மெதுவாகவே வெளியேறும். தொடர்ந்து ஆவேசமாகக் கிளம்பிப் பார்ப்பவர்களின் வண்டியில் கருகல் வாடை அடிப்பதற்கு இதுவே காரணம்: ஒரு கிளப்பலின் வெப்பம் இறங்குவதற்குள் அடுத்தது மேலே ஏறி உட்காருகிறது.

ஆனால் ஏறுமுகமான மாற்றத்துக்கு நான் தரும் இந்த நற்சான்றிதழுக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எழுந்திருக்க வேண்டும். நேர்பாதையில் குறுந்தூரம் சீறும் அமெரிக்க டிராக் (drag) பந்தயக்காரர்கள் செய்யும் முறையில், காலை அழுத்தியபடியே வைத்துக் கிளட்ச்சை மட்டும் உதைத்துக் கியர் மாற்றினால், எஞ்சினின் முழு முறுக்குவிசையும் வழுக்கலின்போது கிளட்ச்சில் கொட்டப்படுகிறது. முன்பு 3 கிலோஜூலாக இருந்தது 9, 10 என்று எகிறும். கியர்களின் வேகத்தைச் சமன்செய்து இணைக்கும் பித்தளை வளையமான சின்க்ரோவும் அடி வாங்கும். அவசரமான கியர் மாற்றம் கெடுக்கும் வேறொரு பாகம் என்று முதலில் சொன்னது இதைத்தான். 2008இல் வந்த செவ்ரலே கோபால்ட் எஸ்எஸ் டர்போ காரில் காலை எடுக்காமலே கியர் மாற்ற எஞ்சின் கணினியே வழி செய்து கொடுத்தது. அத்தகைய ஏற்பாடு இல்லாத காரில் அதைச் செய்து பார்ப்பது காசைக் கரியாக்குவது.

சரி, கையும் காலும் செய்ய வேண்டியது என்ன? வேகமாகக் கியர் மாற்றுவது என்றால் வலுவாக மாற்றுவது என்று பலர் நினைக்கிறார்கள். இருங்காட்டுக்கோட்டையில் என் பக்கத்தில் அமர்ந்த பயிற்சியாளர் முதல் சுற்றிலேயே சொன்னது, “சார், கையை லூசா விடுங்க, லீவர் தானா போகும்” என்பதுதான். மாற்றத்தின் நேரம் கையின் விசையால் குறைவதில்லை. மூன்று செயல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் குறைகிறது. வலது கால் ஆக்சிலரேட்டரை விடத் தொடங்கும்போதே இடது கால் இறங்க வேண்டும். ஆனால் வலது கால் ஒரு இமைப்பொழுது முந்த வேண்டும். இடது கால் முந்தினால் சுமையிழந்த எஞ்சின் உறுமிக்கொண்டு மேலே எகிறும். கிளட்ச் விடுபடும் கணத்தில் லீவரை நியூட்ரலை நோக்கி இழுக்கும் மெல்லிய அழுத்தம் கையில் தயாராக இருந்தால், அது தானே நழுவி வெளியே வரும். பிறகு அடுத்த கியரின் வாசலில் ஒரு சிறு தடை தெரியும். அதுவே சின்க்ரோ வேலை செய்யும் இடம். அங்கே சீரான அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்தால் அது தன் வேலையை முடித்துக்கொண்டு வழிவிடும். அந்தத் தடையைக் குத்தித் தள்ளுவதால் மிச்சமாகும் நேரம் அற்பம். தேயும் பித்தளை வளையமோ திரும்பி வராது.

சின்க்ரோவின் வேலையைப் புரிந்துகொண்டால் இது எளிதில் மனதில் படியும். புதிய கியரின் வேகத்துக்கு உள்ளீட்டுத் தண்டையும் அதோடு இணைந்த கிளட்ச் பிளேட்டையும் உராய்வால் இழுத்து வருவது அதன் பொறுப்பு. கிளட்ச் முழுதாக விடுபட்டிருந்தால் அது இழுக்க வேண்டியது சில கிலோ எடையுள்ள பாகங்களை மட்டும்தான். மிதி பாதியிலேயே நின்று கிளட்ச் இழுபறியில் இருந்தால், அந்தச் சிறு வளையம் எஞ்சினோடும் ஃப்ளைவீலோடும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். வேகமாக மாற்ற முயல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்: கை ஓடிவிடுகிறது, கால் பின்தங்குகிறது. முதல் கியரிலிருந்து இரண்டாவதற்குப் போகும்போது சுழற்சி வீழ்ச்சி மிகப் பெரிது. 6000இல் மாற்றினால் சுமார் 3300க்கு இறங்க வேண்டும். ஆகவே முதலில் முறுக்கிக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இரண்டாவது கியரின் சின்க்ரோதான். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் நான் வேண்டுமென்றே நிதானமாகச் செய்கிறேன். மற்றவை எப்படி ஓடினாலும் கவலையில்லை.

வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நம் கார்களில் லீவரை இயக்குவது இடது கை. அது பெரும்பாலானவர்களுக்குப் பழகாத கை. லீவரை முஷ்டியாகப் பிடித்தால் தோளின் இழுப்பு லீவரை விரும்பாத பக்கம் கொண்டுபோகும். முதலும் இரண்டும் இருக்கும் பாதை நம்மிடமிருந்து விலகியிருப்பதால், அங்கே செல்லும்போது கட்டை விரல் கீழ்நோக்கி இருக்குமாறு உள்ளங்கையைத் திருப்பி லீவரை அப்பால் தள்ள வேண்டும். ஐந்து, ஆறுக்குக் கட்டை விரல் மேல்நோக்க, உள்ளங்கை நம் பக்கம் இழுக்க வேண்டும். மூன்றுக்கும் நான்குக்கும் எந்தப் பக்கமும் சாய்க்காமல் விரித்த கையால் நேராகத் தள்ளினாலும் இழுத்தாலும் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் லீவரை நடுப்பாதைக்கே கொண்டுவந்து வைத்திருக்கும்.

இது அழகுக்காகச் சொல்லும் பாடமன்று. மூன்றிலிருந்து நான்குக்கு இழுக்கும் அவசரத்தில் கை இடப்புறம் சாய்ந்து இரண்டாவது கியர் விழுந்துவிட்டால், 6000இல் இருந்த எஞ்சினைச் சக்கரங்கள் 8500க்கு மேல் இழுத்துவிடும். சுழற்சி வரம்பைக் காக்கும் மின்னணு ஏற்பாடு எரிபொருளை நிறுத்தத்தான் முடியும். சக்கரம் எஞ்சினைச் சுழற்றுவதை அதனால் தடுக்க முடியாது. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைவதும், கிளட்ச் பிளேட்டின் லைனிங் சிதறுவதும் இப்படித்தான் நிகழ்கின்றன. கிளட்ச்சைப் பற்றிக் கவலைப்படும் பக்கத்து இருக்கைக்காரர்கள் உண்மையில் பயப்பட வேண்டியது இதற்கு.

கிளட்ச்சை விடும் வேகத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இக்கால எஞ்சின்களில் காலை எடுத்தவுடன் சுழற்சி விழாமல் சிறிது நேரம் தொங்கி நிற்பதை எல்லோரும் கவனித்திருப்பீர்கள். புகை விதிகளுக்காக த்ராட்டிலைக் கணினி மெதுவாக மூடுவதும், கனமான ஃப்ளைவீலும் அதற்குக் காரணங்கள். இத்தகைய காரில் மிக வேகமாக மாற்றி மிதியை மெதுவாக விட்டால், தொங்கி நிற்கும் சுழற்சி முழுவதையும் கிளட்ச் வழுக்கி வழுக்கியே கரைக்க வேண்டியிருக்கும், அது தேய்மானம். மிதியைப் பட்டென்று விட்டாலோ அந்த வேறுபாடு அதிர்ச்சியாக மாறி எஞ்சின் மவுண்ட்டுக்கும் ட்ரைவ் ஷாஃப்ட்டுக்கும் போகும். சாலையில் ஓட்டும்போது அரை விநாடி பொறுத்து, சுழற்சி தானாக இறங்கி வரும் இடத்தில் கிளட்ச்சைப் பூட்டுவதுதான் இரண்டுக்கும் நல்லது. பந்தயத் தடத்தில் அந்தப் பொறுமை கிடையாது. அங்கே சிறிய அதிர்ச்சியை ஏற்றுக்கொண்டு விரைவாக விடுகிறேன். சில கார்களில் மிதி திரும்பும் வேகத்தைக் குறைக்கும் சிறிய வால்வு ஒன்று ஹைட்ராலிக் குழாயில் இருக்கும். புதிதாக ஓட்டுபவர்களுக்கு அது ஆட்டத்தைக் குறைக்கிறது. வேகமாக மாற்றுபவர்களுக்கோ, கால் எழுந்த பிறகும் கிளட்ச் வழுக்கிக்கொண்டே இருக்கிறது. பழைய பிஎம்டபிள்யூ மேனுவல் கார்களை வைத்திருப்பவர்கள் அந்த வால்வைக் கழற்றுவதைப் பற்றி ஓயாமல் பேசுவது இதனால்தான்.

இறங்குமுகமான மாற்றம் இதைவிடச் செலவு மிக்கது. ஆனால் அதைப் பற்றி எச்சரிப்பவர்கள் அரிது. பிரேக் பிடித்துக்கொண்டே ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்து கிளட்ச்சை விட்டால், 2000இல் இருக்கும் எஞ்சினை 5000க்குச் சுழற்றி ஏற்றும் வேலை கிளட்ச்சின் தலையில் விழுகிறது. 7 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் என்பது ஒருபுறம். முன்சக்கர இயக்கக் காரில் அந்த இழுப்பு முன் டயர்களின் பிடியையும் பறித்துக்கொள்வதால், வளைவின் வாசலில் வண்டி நேரே போகப் பார்க்கும். பிரேக்கை வலது காலின் பந்துப் பகுதியால் அழுத்தியபடியே, பாதத்தின் வெளி விளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டி எஞ்சினை முன்கூட்டியே 5000க்கு ஏற்றிவிட்டால், கிளட்ச்சுக்கு ஏறக்குறைய வேலையே இல்லை. 2009 மாடலாக வந்த நிசான் 370இஸட், இந்தத் தட்டலைத் தானே செய்யும் ஏற்பாட்டுடன் விற்கப்பட்டது. நம் கார்கள் பெரும்பாலானவற்றில் அதைக் கால்தான் செய்ய வேண்டும். சாலை கார்களில் பிரேக் மிதி ஆக்சிலரேட்டரைவிட உயரமாக இருப்பதால், மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது கால் எட்டாது. இருங்காட்டுக்கோட்டையின் நீண்ட நேர்ப்பாதை முடிவில் பிரேக்கை ஆழமாக அழுத்தும்போது இரண்டு மிதிகளும் சம உயரத்துக்கு வந்துவிடுகின்றன; அங்கே பழகிக்கொள்வது எளிது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் இதைப் பழகலாம் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. எதிரே பேருந்து வரும் சாலையில் கால் மிதியைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. மலைச்சாலையில் முதலில் பிரேக்கை முடித்துவிட்டு, பிறகு சுழற்சியை ஏற்றிக் கியரை இறக்கினால் போதும். லாரி ஓட்டுநர்கள் பழைய வண்டிகளில் ‘டபுள் கிளட்ச்’ போட்டது இதே தத்துவத்தில்தான். சின்க்ரோ இல்லாத கியர்களுக்கு அவர்கள் கால்களே சின்க்ரோவாக இருந்தன.

இவ்வளவு நுட்பத்தாலும் கிடைக்கும் பலன் எவ்வளவு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், நிதானமான கியர் மாற்றத்துக்கும் விரைவான மாற்றத்துக்கும் இடையே ஒரு சுற்றில் ஒரு விநாடிகூட வித்தியாசம் வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே ஒரு வளைவில் பிரேக்கைச் சரியான இடத்தில் விட்டு வெளியேறினால் அதைவிடக் கூடுதலாகக் கிடைக்கிறது. ஆகவே தொடக்கத்தில் கியரை நிதானமாகவே மாற்றிக்கொண்டு, கவனத்தை வளைவுகளில் வண்டி செல்லும் கோட்டிலும் பிரேக்கிலும் வைப்பதே சிறந்தது.

எஞ்சின் கணினியை ரீமேப் செய்பவர்களுக்கு, அதாவது அதன் நிரலை மாற்றி எஞ்சினின் வலிமையைக் கூட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தொழிற்சாலைக் கிளட்ச் எஞ்சினின் உச்ச முறுக்குவிசையைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. 250 நியூட்டன் மீட்டரை 330 ஆக்கினால் அந்த உபரி முழுதும் கரைந்துவிடும். அறிகுறி முதலில் தெரிவது கீழ் கியர்களில் அன்று. நான்கிலோ ஐந்திலோ, 2000 முதல் 3000 ஆர்பிஎம்முக்குள் டர்போ முழுதாகத் தள்ளும்போது, வேகமானி அசையாமல் சுழற்சிமானி மட்டும் ஓடும். அப்போது காலை எடுத்துவிட வேண்டும். அழுத்திக்கொண்டே இருந்தால் லைனிங்கின் பிசின் சூட்டில் பளபளப்பேறி, இருக்கும் பிடியும் போய்விடும். தீர்வாகச் செராமிக் கிளட்ச் போடச் சொல்வார்கள். அது பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் முழுதாக விடும். சோழிங்கநல்லூர் சிக்னலில் அதை வைத்துக்கொண்டு ஊர்வது கணுக்காலுக்கும் பொறுமைக்கும் தண்டனை. தினமும் ஓட்டும் காருக்கு, ஆர்கானிக் லைனிங்கும் வலுவான பிரஷர் பிளேட்டும் சேர்ந்த கிட்டையே நான் பரிந்துரைப்பேன்.

அன்றாடப் பழக்கங்களில் சில மட்டும். ஏற்றத்தில் ஹேண்ட்பிரேக்கையோ, ஏற்றத்தில் வண்டி பின்வாங்காமல் பிடித்துக்கொள்ளும் ஹில் ஹோல்டையோ பயன்படுத்துங்கள். சிக்னலில் நியூட்ரலுக்கு வந்து காலை மிதியிலிருந்து எடுத்துவிடுங்கள். அழுத்தியே வைத்திருந்தால், கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் தேயும். ஓடும்போது இடது கால் அதற்கான ஓய்வு மேடையில் இருக்கட்டும். இடது கையையும் லீவர்மேல் ஓய்வாக வைக்காதீர்கள். அந்த எடை, கியர் பெட்டிக்குள் கியரை நகர்த்தும் ஷிஃப்ட் ஃபோர்க்கின்மேல் இறங்குகிறது. வாடை வந்துவிட்டால் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைப்பதைவிட, கிளட்ச்சை முழுதாகப் பூட்டிய நிலையில் மிதமான வேகத்தில் சில கிலோமீட்டர் ஓட்டுவதே சூட்டை நன்றாக இறக்கும். கியர் ஆயிலில் கையேடு ஜிஎல்-4 என்று சொன்னால் அதையே ஊற்றுங்கள். ஜிஎல்-5 உயர்ந்தது என்று ஊற்றினால், அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளைச் சின்க்ரோவுக்கு ஆகாமல் போகலாம். பல கார்களில் கிளட்ச்சும் பிரேக்கும் ஒரே திரவத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தத் திரவத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், தடத்தில் சூடேறும்போது மிதி தரையோடு ஒட்டிக்கொள்ளும். கிளட்ச் விடுபடாமல் கியர் அரைக்கும்.

பழைய வேக கார் வாங்கப் போகும்போது நான் செய்யும் சோதனை இரண்டு. முதலாவது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியை எடுத்து, முதலிலிருந்து இரண்டுக்கும் மூன்றிலிருந்து இரண்டுக்கும் சாதாரண வேகத்தில் மாற்றிப் பார்ப்பேன். அதனால்தான் விற்பவர் எனக்காகக் காரை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். கரகரப்போ தடங்கலோ தெரிந்தால் அது சின்க்ரோ. கியர் பெட்டியைப் பிரித்தால்தான் சரியாகும். இரண்டாவது, வண்டி சூடான பிறகு, காலியான சாலையில் நான்காவது கியரில் 1500 ஆர்பிஎம்மிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துவேன். சுழற்சி வேகத்தோடு சேர்ந்தே ஏறினால் கிளட்ச்சில் இன்னும் உயிர் இருக்கிறது. சுழற்சி தனியே துள்ளினால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றும் செலவையும், ஃப்ளைவீலைக் கடைந்தெடுக்கும் அல்லது மாற்றும் செலவையும், கியர் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியையும் விலையிலிருந்து கழித்துக் கேட்கிறேன். கார் தடத்தில் ஓடியதா என்று நான் கேட்பதில்லை. எந்த ஊரில், எப்படிப்பட்ட நிறுத்துமிடத்தில் அது இருந்தது என்று கேட்கிறேன்.